குழாய்க்கு ஒரு வரி, ஆளுக்கு ஒரு பிரேக்

எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ் ரோட்டில் இருக்கிறது. பெயர் வேண்டாம். சொன்னால் அந்த முனிசிபாலிட்டிக் கட்டடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறவர்கள் தங்களைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்களை வேறொரு நாள் திட்டுவேன். இது எழுபதுகளில் நடந்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கணக்கு வாத்தியார் என் அம்மாவிடம், "உம்மவன் வாய் மட்டும் பாஸுமா, மத்ததெல்லாம் பெயிலு" என்று சொல்லி அனுப்பினார். அந்த வாயை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் பஸ் ஸ்டாண்டில் சும்மா திரிந்தேன். அக்கா புருஷன்தான் பிடித்து இழுத்துப் போய் முனிசிபாலிட்டியில் தினக்கூலியாகச் சேர்த்துவிட்டார். அவருக்கு ஹெல்பர் நான், தங்குவதும் அவர் வீட்டில்தான்.

மாமா தண்ணீர் திறந்துவிடுகிறவர். பாலாற்று மணலில் கிணறு தோண்டி, அங்கிருந்து பம்பு வைத்து இழுத்து, ஊருக்கு நடுவில் இருக்கிற தொட்டியில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு தெரு முனையிலும் ரோட்டுக்கு அடியில் ஒரு வால்வு இருக்கும், மேலே இரும்பு மூடி. மூடியைத் தூக்கிவிட்டு, ஆள் உயரத்துக்கு இருக்கிற ஒரு இரும்புக் கம்பியை உள்ளே விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும். அந்தக் கம்பிக்கு நாங்கள் வைத்த பெயர் சாவி. மூடியைத் தூக்குவதும் சாவியைச் சுமப்பதும் என் வேலை. குடத்தோடு நிற்கிற பெண்களிடம் வம்பு வளர்ப்பதும் என் வேலைதான், அதற்குக் கூலி கிடையாது.

கூலி என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் என் வயிற்றெரிச்சல் எல்லாம். தினக்கூலி ஆளை விடாமல் இவ்வளவு காலம் வேலை வாங்கினால் அவனை நிரந்தரம் ஆக்கவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஆபீஸ்காரர்கள் அந்தக் காலம் நிறைவதற்குக் கொஞ்சம் முன்னால், அவன் பெயரைச் சில நாள் மஸ்டர் ரோல் என்கிற கூலிப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் திரும்பப் புதிதாகச் சேர்த்ததுபோல எழுதுவார்கள். கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதற்குப் பெயர் பிரேக். லாரிக்குத்தான் பிரேக் வைப்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இதில் அக்கிரமம் எது தெரியுமா? பிரேக் நாட்களிலும் எல்லோரும் வேலைக்குப் போவார்கள். பெயர் இல்லை, கூலி இல்லை, ஆனாலும் போவார்கள். போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிடுவான் என்று பயம். குப்பை வண்டிக்காரர்கள் போனார்கள், பம்பு செட்டில் இருந்தவர் போனார், மாமாவும் வருஷா வருஷம் போனார். நான் சேர்ந்த புதிதில் மாமாவிடம் கேட்டேன்.

"இன்னா மாமா, லீவு குட்த்துட்டு வேல வாங்கறானுங்க?"

"லீவு இல்லடா. பிரேக்கு."

"பிரேக்கு போட்டா வண்டி நிக்கணும். நீ வருசா வருசம் ஓடறியாமே."

"மூடியத் தூக்குடா. வாய மூடு."

அந்த வருஷம் மாமாவுக்கு முக்கியமான வருஷம். நிரந்தரம் ஆக்குவதற்கு வயது வரம்பு ஒன்று உண்டு. அந்த வருஷம் தப்பினால் அவர் வாழ்நாள் முழுவதும் தினக்கூலிதான். அது சேர்மனுக்கும் தெரியும். பொங்கல் சமயத்தில் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்தபோது வந்து பார்த்தவர், எல்லோர் முன்னாலும் மாமாவின் தோளில் தட்டி, "இந்தத் தபா பட்ஜெட்டுல வால்வு ஆளு ஒரு போஸ்ட்டு போட்டுடலாம்யா, உனக்குத்தான்" என்றார். மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை அக்காவிடம் சொல்லும்போது, சேர்மன் தட்டிய தோளையே தடவிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் சர்க்கார் ஊழியர்களுக்குப் பஞ்சப்படியை ஏற்றியது. முனிசிபாலிட்டியும் தன் ஊழியர்களுக்கு ஏற்றிக் கொடுக்கவேண்டும், தன் பணத்தில். ஊழியர் என்றால் நிரந்தரமானவர்கள், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். நாங்கள் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டோம். பணம் எங்கே இருக்கிறது? இல்லை. பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. அதைச் சரிகட்ட ஊரில் கூட்டம் போட்டால் ஜனம் வந்து வாசலில் நிற்கும் என்று, கவுன்சிலர்களையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனார்கள். காசு இல்லை என்று யோசிப்பதற்குக் கடற்காற்று தேவைப்பட்டது.

அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதனால் எங்கள் தொட்டித் தண்ணீரை டிரம்மில் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். கூடவே என்னையும் ஏற்றினார்கள்.

சவுக்குத் தோப்புக்குள் இருந்த வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அரிசி மில் வைத்திருந்த சேர்மன் நடுவில். பக்கத்தில் முனிசிபாலிட்டி மேனேஜர், கையில் சிவப்புப் பென்சில். கல் செதுக்குகிற சத்தம் எங்கிருந்தோ டொக் டொக்கென்று வந்துகொண்டிருந்தது. நான் டம்ளரில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னாடா, தண்ணி சூடா கீது?" என்றார் சேர்மன்.

"நம்மூர் தண்ணிங்க. வரி ஏறப்போவுதுன்னு கேள்விப்பட்டு அதுக்கும் காய்ச்சல் வந்துடுச்சு."

சிரித்தார்கள். அவர்களுக்கு என் வாய் பிடிக்கும். அதனால்தான் என்னை ஏற்றினார்கள் என்று நினைக்கிறேன்.

மேனேஜர் வரவையும் செலவையும் வாசித்தார். பாதி கேட்டதுமே சேர்மன், "குழாய்க்கு ஏத்து" என்றார்.

"ஏத்தலாங்க. வீட்டுக் குழாய் ஒண்ணுக்கு இவ்வளவுன்னு இருக்கு. அதை அப்படியே டபுளாக்கிடலாம்."

"சனம் கத்துமேப்பா" என்றார் ஒரு கவுன்சிலர்.

"காரணம் சொல்லிட்டா கத்தாதுங்க. ஊழியர் சம்பளத்துக்காகன்னு நோட்டீஸ்ல போட்டுடலாம்."

"அப்போ நம்மள திட்டாது."

"அவங்களத்தான் திட்டும்."

இதற்கும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, குழாய்க்கு வேணாங்க. குழாயோட தடிமனுக்குப் போடுங்க. எங்க தெரு வூட்டுக் குழாயில வெரலு கூட போவாது. ரைஸ் மில்லுக்குப் பள்ளம் நோண்டனது நான்தான், அந்தக் குழாயில எங்க தெரு பசங்க நீச்சல் பழகலாம். ரெண்டுக்கும் ஒரே வரின்னா இன்னாங்க நாயம்?"

மேனேஜர் பென்சிலைப் பார்த்தார். சேர்மன்தான் முதலில் சிரித்தார்.

"இவன் வாய்க்குத் தனியா ஒரு வரி போடணும்யா. துண்டு விழாது."

அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். என் நியாயம் அந்தச் சிரிப்பில் கரைந்து போனது. நான் எப்போதும் எல்லோரையும் சிரிக்கவைத்துத்தான் பிழைத்தேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு கேவலமான பிழைப்பு என்று தெரிந்தது. கோபமாகச் சொன்னாலும் தமாஷ் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

குழாய் வரியை ஏற்றியும் கொஞ்சம் இடித்தது. மேனேஜர் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வால்வு ஆள் போஸ்ட்டை எடுத்துட்டு, தினக்கூலிகளுக்கு பிரேக்கை ஒரு மாசமாக்கிட்டா சரியா வரும்" என்றார்.

"எடு" என்றார் சேர்மன். தோளைத் தட்டிய அதே மனுஷன்.

"சார், அது எங்க மாமா பேருங்க" என்றேன்.

மேனேஜர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பேரை அடிக்கலடா. போஸ்ட்டைத்தான் அடிக்கிறேன்."

கோடு போட்டார். டாலி ஆகிவிட்டது என்றார். அந்த நேரத்தில் புதுப்பட்டினத்துப் படகில் வந்த வஞ்சிரத்தை வறுத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். தின்றேன். பசி, அதற்கு ரோஷம் தெரியாது.

ஊருக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் தெரு முனையில் குனிந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"சேர்மன் எல்லார் முன்னாடியும் சொன்னாருடா."

"எல்லார் முன்னாடியும் அடிச்சாரு மாமா. நான் பாத்தேன்."

"உனக்குப் புரிஞ்சிருக்காது. ஒன்பதாங்கிளாஸு."

"கோடு போடறது ஒண்ணாங்கிளாஸ்லயே சொல்லிக் குட்த்தாங்க மாமா."

அவர் திருகவேண்டியதற்கு மேல் திருகினார். அந்தத் தெருவுக்கு அன்றைக்கு நிறையத் தண்ணீர் போனது.

வரி ஏறுவதை ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டும். குரல் நன்றாக இருக்கிறது என்று என்னையே அனுப்பினார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஸ்பீக்கர் புனல் கட்டி, மைக்கைக் கையில் கொடுத்து, மேனேஜர் எழுதிய காகிதத்தையும் கொடுத்தார்கள். ஊழியர்களுக்குக் கூடுதல் பஞ்சப்படி வழங்கவேண்டியிருப்பதால் குடிநீர்க் கட்டணம் உயர்த்தப்படுகிறது, பொதுமக்கள் ஒத்துழைக்கவேண்டும். இரண்டு தெரு வரைக்கும் எழுதியபடியே படித்தேன். மூன்றாவது தெருவில் என் நாக்கு நிற்கவில்லை. "இந்த ஏத்தத்துல தண்ணி தொறந்து வுடறவருக்கு நயாபைசா கெடையாது, பெருக்கறவங்களுக்குக் கெடையாது, இத்தக் கத்திகினு போற எனக்கும் கெடையாது, பொதுமக்கள் நல்லா ஒத்துழைக்கணும்" என்று சேர்த்துக்கொண்டேன். ரிக்‌ஷாக்காரர் சிரித்துச் சிரித்துப் பெடலை விட்டுவிட்டார். சாயங்காலமே மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஆனால் சுவரில் ஒட்டிய நோட்டீஸை யாரும் பிடுங்கவில்லை. அச்சில் இருப்பதை ஜனம் நம்பியது. என் வாயிலிருந்து வந்ததைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் எங்கள் தெருவிலேயே, மாமா மூடியைத் தூக்கும்போது எதிர்வீட்டு அம்மா குடத்தை ணங்கென்று வைத்தாள்.

"இன்னா தண்ணிக்காரரே, சம்பளம் ஏறிச்சாமே. எங்க வூட்டுக் கொழாயப் புடுங்கி உம் பொண்டாட்டிக்கு வளையல் போடப் போறியா?"

அவள் குழாய் இணைப்பை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருக்குழாய்க்கு வந்தவள். அவளைப்போல இன்னும் பல வீடுகள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நன்றாகவே வந்தது. ஆனால் அவளுக்கு வாயால் திட்டத்தான் முடியும், எதிரில் கிடைத்த ஆளைத்தான் திட்டமுடியும். சேர்மன் அரிசி மில்லுக்குள் இருந்தார். மாமா ரோட்டில் இருந்தார்.

"எனக்கு ஏறலமா" என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார்.

"ஆமாமா, எல்லாரும் அப்டித்தான் சொல்லிகினு கீறாங்க."

புது பட்ஜெட்டின் முதல் நாள் வந்தது. மாமாவின் பிரேக்கும் அன்றைக்குத்தான் ஆரம்பம். விடிந்ததும் அவர் வழக்கம்போலக் குளித்து, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு சாவியைத் தேடினார். அது கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். இல்லை. அக்கா அதை அறைக்குள் தரையில் கிடத்தி, மேலே பாயை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சாவி எங்கடி?"

"உனக்கு இன்னிலேந்து பிரேக்கு தான? சாவிக்கும் பிரேக்கு."

"வெளயாடாத. தெருவுக்குத் தண்ணி வுடணும்."

"எந்தப் பேருல வுடுவ? பேரு எடுத்துட்டாங்கன்னு நீதான சொன்ன. பேரு இல்லாதவன் வூட்டுல குந்து. நாஸ்தா துன்னு."

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். என் பெயர் மட்டும் மஸ்டரில் இருந்தது. சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்ததால் எனக்குப் பிரேக் வருகிற கணக்கு இன்னும் வரவில்லை. ஆனால் சாவி இல்லாமல் நான் போய் ரோட்டில் எதைத் திருகுவேன்? ஆபீஸில் இருந்த இன்னொரு சாவி முனை தேய்ந்து வழுக்கும். புதிதாக ஒன்று செய்ய மாமா எழுதிக் கொடுத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெயில் ஏறியது. ஊர் முழுக்கக் குழாயில் காற்று மட்டும் வந்தது. ஜனம் எங்கள் வாசலுக்கு வந்தது. எதிர்வீட்டு அம்மாதான் முன்னால். "கொழந்த அழுவுது, நீ இன்னா பாய்ல குந்திகினு கீற" என்று அக்காவைக் கேட்டாள். அக்கா கீரையை விட்டுத் தலை தூக்கவில்லை. மாமாவால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தண்ணீர் வராத தெருவை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அப்புறம் ஜீப் வந்தது. மேனேஜர் இறங்கினார். கூட்டம் வழிவிட்டது.

"என்னய்யா இது, ஊரே கத்துது" என்றார் மாமாவிடம்.

"பிரேக்குங்க" என்றார் மாமா மெதுவாக.

"அது ஆபீஸ் விஷயம். எப்பவும் வருவல்ல? வா."

உள்ளேயிருந்து அக்கா, "எப்பவும் வந்தாருங்க. இந்த வருசம் வயசு முடியுது. இன்னிக்கிப் பேரு எழுதுங்க, சாவிய நானே தூக்கிக் குடுக்கறேன்" என்றாள்.

மேனேஜருக்குப் புரிந்தது. அன்றைக்குப் பெயர் எழுதினால் பிரேக் விழாது. பிரேக் விழாவிட்டால் வேலை தொடர்ச்சியாகிவிடும். வயது தாண்டுவதற்குள் அவரை நிரந்தரம் ஆக்கியே தீரவேண்டும். சட்டைப்பையில் கைவிட்டு நோட்டு ஒன்றை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

"இது என் கைக்காசு. வெச்சுக்க. பேரு எழுத பட்ஜெட்ல இடம் இல்ல."

மாமா வாங்கவில்லை. மேனேஜர் சுற்றிப் பார்த்தார். கண் என்மேல் விழுந்தது. முகம் தெளிந்தது.

"டேய், உன் பேரு மஸ்டர்ல இருக்குல்ல. நீ வா. சாவிய எடு. இனிமே நீயே தொறந்துவிடு."

எனக்குத் தலைக்குள் என்னமோ ஏறியது. மாமாவின் இடத்தை மாமாவின் வீட்டு வாசலிலேயே வைத்து எனக்குக் கொடுக்கிறார். அதுவும் எல்லோர் முன்னாலும், தோளில் தட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு. அன்றைக்கு என் வாயில் தமாஷ் எதுவும் வரவில்லை.

"சார், பட்ஜெட்ல ஒரு ஆளுக்கு எடம் கீது, அது நான். சர்தானா?"

"ஆமா."

"என் பேர அடிச்சிடுங்க. அந்த எடத்துல மாமா பேர எழுதுங்க. ஆளு கணக்கு மாறாது. உங்க டாலி கெடாது. எழுதலன்னா இந்த சாவிய நானும் தொடமாட்டேன், போய் நீங்களே வெரல வுட்டுத் திருகிக்கங்க."

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். மேனேஜருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கணக்குப் போட்டார்: நிரந்தரம் பின்னால் வருகிற தலைவலி, இப்போது வேண்டியது தண்ணீர், அதுவும் துண்டு விழாமல்.

"எழுதலாம். ஆனா அது ஹெல்பர் இடம். ஹெல்பர் கூலிதான் வரும்."

வால்வு ஆளுக்கு இருக்கிற கூலியைவிட ஹெல்பர் கூலி கம்மி. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டாள்.

"பேரு எழுதுங்க."

ஜீப்பின் பானட்டில் மஸ்டரை வைத்து மேனேஜர் எழுதினார். என் பெயர்மேல் கோடு, பக்கத்தில் மாமா பெயர். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "நல்ல பையன்டா நீ. உனக்கு இருக்கிற புத்தி எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு இல்ல" என்றார். அந்தப் பாராட்டை இன்றைக்கு நினைத்தாலும் எதையாவது எடுத்து எறியவேண்டும் போல இருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்த இரண்டு கூலியில் ஒன்றைப் பறித்து, மீதி ஒன்றையும் குறைத்துக்கொண்டு போகிற மனுஷன், என்னைப் புத்திசாலி என்கிறார்.

ஜீப் போனது. கூட்டம் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடியது. அக்கா பாயைச் சுருட்டி, சாவியை எடுத்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"உன்ன யார்றா கேட்டது?" என்றார் செருப்பை மாட்டிக்கொண்டே.

"யாரும் கேக்கல மாமா."

"உனக்குன்னு ஒரு பேரு இருந்திச்சு. அதயும் தொலச்ச."

"எனக்கு வயசு கீது மாமா. உனக்கு இல்ல."

மாமா ரோட்டில் இறங்கி நடந்தார். கொஞ்சம் தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். சாவி வாசலிலேயே கிடந்தது.

"தூக்கினு வாடா."

"நான் இன்னாத்துக்கு? எம்பேரு இல்லயே."

"பேரு இல்லாதவன் தூக்கறதுதான இந்த ஊரு வழக்கம். நான் ஒண்டியா மூடியத் தூக்கி, கம்பியத் தூக்கி, ஊரு பூரா திருகனா நாளைக்கும் முடியாது. தூக்கு."

திட்டிக்கொண்டே தூக்கினேன். வெயிலில் கிடந்த இரும்பு தோளைச் சுட்டது. சேர்மனை, மேனேஜரை, சிவப்புப் பென்சிலை, அந்த வஞ்சிர மீனை, எல்லாவற்றையும் முதல் வால்வு வரும்வரை சத்தமாகத் திட்டினேன். அன்றைக்கும், அந்த மாதம் முழுவதும், ஒரு ஹெல்பர் கூலிக்கு அந்த முனிசிபாலிட்டிக்கு இரண்டு ஆள் கிடைத்தார்கள்.